ஆத்தாளுக்கு அனுப்பிய பட்டு

தம்பி,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ சாவகாசமாக உட்கார்ந்து மிச்சத்தைப் படி. நான் உன் கல்யாணத்துக்கு வருகிறேன். வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று தை மாதத்திலிருந்து பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தியாயிற்று. மண்டபத்துக்குப் பின்வாசல் வழியாக வந்து சமையல்காரர்களோடு நின்றுவிட்டுப் போகவும் மாட்டேன். மேடையில் மாப்பிள்ளையின் அம்மா எங்கே நிற்பாளோ அங்கே நிற்பேன். நிவேதாவிடமும் அவளைப் பெற்ற குளத்தூர் சம்பந்தியம்மாவிடமும் நீயே சொல்லிவிடு. இந்த நாலு வரியை எழுதி முடித்ததும் எனக்கே மூச்சு லேசாகிவிட்டது, உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ குறுக்கே குறுக்கே சிரிப்பாய், உங்கப்பா பக்கத்தில் நின்று "அப்புடி இல்ல, இப்புடி" என்று திருத்துவார், கதை பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய பட்டு என்ன ஆயிற்று, ஏன் ஒரு போட்டோகூட அனுப்பவில்லை என்று சித்திரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாய். உங்கப்பா ஒரு நாள் வெளிச்சம் சரியில்லை என்றார். ஒரு நாள் போனில் இடமில்லை என்றார். ஒரு நாள் பட்டப்பகலில் "ஒங்கம்மா தூங்குறா" என்றார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போல, பெட்டியைப் பிரிக்கவே இல்லை போல என்று நீ நினைத்துக்கொண்டதாக நிவேதா என்னிடம் சொன்னாள். இல்லை ராசா. உன் பட்டு என் கைக்கு வரவே இல்லை. அது வேறொரு ஆத்தாளிடம் இருந்தது.

அந்தக் கதைக்கு முன்னால் உன் வேலையைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இத்தனை வருஷமாக அதைப் பற்றி நான் சரியாகப் பேசியதே இல்லை. நீ பெங்களூரில் பட்டு ஸ்கார்ஃப் வரைகிற வேலைக்குப் போனபோது, உங்கப்பா கண்டக்டராக இருந்தவர், பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் "மகன் டெக்ஸ்டைல் கம்பெனியில இருக்கான்" என்று சொன்னார். வீட்டில் என்னிடம், "கைக்குட்டைக்குப் படம் போடுறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்" என்றார். நான் அவரைத் திட்டினேன். ஆனால் என் மனதிலும் அதுதான் இருந்தது. துணி என்றால் எனக்குத் தெரியும் என்ற திமிர் வேறு. பொன்னமராவதியில் மேட்சிங் சென்டர் வைத்து, ரவிக்கைப் பிட்டும் லைனிங்கும் கிழித்துக் கொடுத்தே உன்னை வளர்த்தவள். கட்டவும் செய்யாமல், தைக்கவும் செய்யாமல், கழுத்தில் போட்டுக்கொண்டு போகிற ஒரு சதுரத் துணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றுதான் நினைத்தேன்.

நான் உன் கம்பெனிக்கு வந்த அன்று என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ஸ்கார்ஃபை மாட்டி வைத்திருந்தார்கள். "துணியப் போய் சாமி படம் மாதிரி மாட்டியிருக்கீங்களேடா, துவைக்கிறது எப்புடி?" என்று கேட்டேன். நீ யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனாய். உள்ளே நீண்ட மேசையில் வெள்ளைப் பட்டை இழுத்து ஒட்டி, ஒவ்வொரு கலருக்கும் ஒரு அச்சுச் சட்டம் வைத்து, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று என்று சாயத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மயிரிழை தள்ளிப்போனால் முழுத் துண்டும் வீண் என்றாய். ஜன்னலோரம் ஒரு பெண் பட்டின் ஓரத்தை எச்சில் தொட்டுச் சுருட்டிச் சுருட்டிக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். நம் கடைவாசலில் மிஷின் போட்டிருக்கிறவர் இந்நேரம் பத்துச் சேலைக்கு ஓரம் அடித்திருப்பார் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் நீ எனக்காக ஒரு ஸ்கார்ஃபை மேசையில் விரித்தாய். காடு, பறவைகள், நடுவில் ஒரு குளம். முழுசாக ஒரு படம். அதையே குறுக்காக மடித்தாய், குளம் காணாமல் போய் ஒரே ஒரு பறவை மட்டும் மூலையில் நின்றது. பக்கத்தில் இருந்த பொம்மையின் கழுத்தில் சுற்றிக் காட்டினாய், பறவையும் போய்ப் பச்சையும் மஞ்சளும் மட்டும் மினுங்கின. அந்தப் பொம்மைத் தலைக்கே முக்கோணமாகவும் கட்டிக் காட்டினாய். "இது மடிக்கிறதுக்குன்னே வரையுற படம்மா. சொவத்துல மாட்டுற படத்துல எல்லாமே தெரியும். இதுல எது தெரியணும், எது மறையணும்னு கட்டுறவங்கதான் முடிவு பண்ணுவாங்க. நாலு மூலையும் தனித்தனியாப் பேசணும், அதான் கஷ்டம்" என்று சொன்னாய். நான் "நல்லாருக்கு" என்றேன். அந்த "நல்லாருக்கு" எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். வாங்காமல் போகிற வாடிக்கையாளர் கடைப்படியில் நின்று சொல்வாரே, அந்த மாதிரி. அதற்கப்புறம் நீ உன் வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாய்.

பிறகுதான் எனக்கு மார்பில் அந்தக் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேஷன், அதற்கப்புறம் மருந்து ஏற்றியது எல்லாம் நீ கூடவே இருந்து பார்த்ததுதான், திரும்ப எழுத வேண்டாம். மருந்து என் முடியை எடுத்துக்கொண்டது. வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். முடி போனதைத் தாங்க முடியவில்லை. இதைச் சொன்னால் எல்லாரும் "உசுரு பெருசா, மயிரு பெருசா?" என்று கேட்கிறார்கள். உயிர்தான் பெரிது. யார் இல்லை என்றார்கள்? ஆனால் காலையில் எழுந்ததும் கை தானாகப் பின்னந்தலைக்குப் போய், முடியை அள்ளி முடியப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் கீழே இறங்குமே, அந்த நேரத்தில் பெரிது எது என்ற கணக்கெல்லாம் ஞாபகம் வராது.

அதோடு தை மாதம் உன் நிச்சயத்துக்குப் பூ வைக்கும் நாள் வந்தது. குளத்தூரிலிருந்து எல்லாரும் வந்து நிறைந்துவிட்டார்கள். நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக இருந்தேன். சம்பந்தியம்மா நல்ல மனுஷி, முறைப்படி மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பூ வைக்க வேண்டும் என்று சரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். வந்துவிட்டு அப்படியே நின்றார்கள். எங்கே வைப்பது? கையில் பூ, முகத்தில் என்ன செய்வதென்று தெரியாத ஒரு சிரிப்பு. நான்தான் கையை நீட்டி, "குடுங்க, வச்சுக்கிறேன்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வேறெங்கோ பார்த்தார்கள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அன்று ராத்திரி உன்னிடம் சொன்னேன், இந்தத் தலையோடு உன் கல்யாண மேடையில் நிற்க மாட்டேன் என்று. நீ விக் வாங்கி வந்தாய். அதை வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் யாரோ நாடகக்காரி தெரிந்தாள். தூக்கி எறிந்தேன், அது போய் மிக்ஸி மேல் உட்கார்ந்தது. அதைப் பார்த்து நீயும் நானும் சிரித்திருக்க வேண்டும். அப்போது இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

இனி உங்கப்பாவின் பங்கு. எனக்கு உடம்பு சரியானால் ஆத்தாளுக்குப் பட்டு சாத்துவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "சுத்தமா இருக்கு, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்" என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே நின்று உனக்குப் போன் போட்டு அழுதார். "ஆத்தாளுக்குப் பட்டு சாத்தணும்டா" என்று அப்போதும் சொன்னார். ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நேரம். என்னைத் திருச்சியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் ஊருக்குப் போனார். போன மறுநாள் உன் பார்சல் வந்தது. பிரித்தால் பட்டு. அதே நேரத்துக்கு உன் போனும் வந்தது. நானும் ஊரில் இருப்பதாக நினைத்து நீ என்ன சொன்னாய்? "அப்பா, பட்டு வந்துருச்சா? ஆத்தாளுக்குத்தான். போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

நீ என்னைத் தினமும் ஆத்தா என்றா கூப்பிடுகிறாய்? பிறந்ததிலிருந்து அம்மா. கொஞ்சல் வந்தால்தான் ஆத்தா. அந்தக் கொஞ்சல் அன்றைக்குத்தானா வர வேண்டும்? உங்கப்பா, மகனுக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று பூரித்துப்போய், "நல்ல புத்திடா ஒனக்கு, நல்லாரு" என்று வாழ்த்தினாராம். நீயும் அம்மாவுக்குச் செய்ததைத்தான் பாராட்டுகிறார் என்று "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அவர் குளித்து, பட்டைத் தாம்பாளத்தில் வைத்து, தேங்காய் பழத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோய், என் பேரும் நட்சத்திரமும் சொல்லிக் கொடுத்தும்விட்டார். பூசாரியும் அன்று சாயங்காலமே சாத்திவிட்டார்.

நான் ஊருக்கு வந்ததும் முதல் பேச்சே அதுதான். காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "ஒம்மகன் ஆத்தாளுக்கு ஒரு பட்டு அனுப்பியிருந்தான் பாரு, அளவெடுத்து நெய்ஞ்ச மாதிரி அவ்வளவு பொருத்தம்" என்றார்.

"எந்தப் பட்டுங்க?"

"சின்னதா, சதுரமா. கலர் கலரா. சேலை மாதிரி நீளமில்ல, ஆனா நம்ம ஆத்தாளும் சின்ன உருவந்தானே."

"பொட்டி எங்க?"

பெட்டியைக் கொண்டுவந்தார். உன் கம்பெனிப் பெட்டி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அய்யோ, அது தலையில கட்டுற ஸ்கார்ஃபுங்க. என் தலைக்கு அனுப்பியிருக்கான்" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆத்தாளுக்குன்னுதானே சொன்னான்" என்று மெல்லிய குரலில் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன், சிரிக்க ஆரம்பித்தேன். காப்பி சிந்தச் சிந்தச் சிரித்தேன். தையல் போட்ட இடம் இழுத்துக்கொண்டு வலித்தது, அப்படியும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான் தம்பி. உங்கப்பாவும் பயந்து பயந்து கூடச் சிரித்தார். உன் பட்டு முதல் வேலையை என் தலைக்கு வராமலேயே செய்துவிட்டது.

அன்றைக்கே கோயிலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சாமி கும்பிட என்று சொன்னால் பொய். வீட்டு வாசலைத் தாண்டாமல் கிடந்தவளை வெளியே இழுத்தது வேறொன்று. நீ எனக்கென்று என்ன கலர் எடுத்திருப்பாய் என்று பார்த்தே ஆக வேண்டும் போல இருந்தது. முப்பது வருஷமாகக் கலர் பார்த்தவளுக்கு அந்த அரிப்பு போகாது. அதுவும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டியூப் லைட்டில் பார்த்துக் கலரை நம்பக் கூடாது என்று உனக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். உங்கப்பாவின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல், மத்தியான வெயிலில் விறுவிறுவென்று நடந்தேன்.

ஆத்தாளுக்கு அதைப் பாவாடை மாதிரி கொசுவம் வைத்துக் கட்டியிருந்தார் பூசாரி. மேலே எலுமிச்சம்பழ மாலை, அரளி மாலை. நாலு மூலையும் முதுகுப் பக்கம் செருகியிருந்தது. மடிப்புக்கு மடிப்பு கலர் பட்டைகள்தான் தெரிந்தன. அரக்கு, அடுத்து மாம்பழக் கலர், அடுத்து மயில்கழுத்து, அப்புறம் வெங்காயத்தோல் கலர், வாடாமல்லி, கிளிப்பச்சை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்தக் கடையிலும் பிட்டுகளை இந்த வரிசையில் அடுக்க மாட்டார்கள். பச்சையெல்லாம் ஒரு பக்கம், சிவப்பெல்லாம் ஒரு பக்கம் என்றுதான் வைப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகிற கலர்களைச் சேர்த்து அடுக்குவது என் பழக்கம். நீ வரைந்திருந்தது நம் கடை அலமாரி. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபோது நீ அண்ணாந்து பார்த்த அலமாரி. மாம்பழக் கலரில் ஒரு பிட்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக்கூட விடவில்லை. அந்த நிமிஷம் தோன்றியது, பெங்களூரில் அன்று நான் சொன்ன "நல்லாருக்கு" எவ்வளவு கஞ்சத்தனமானது என்று. இப்போது சொல்கிறேன், தாமதமானாலும் மனசாரச் சொல்கிறேன். நீ பெரிய கலைஞன்டா. சட்டம் போட்டு மாட்டட்டும். எத்தனை வேண்டுமானாலும் மாட்டட்டும்.

உங்கப்பா பூசாரியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தார். வேறு நல்ல பட்டாக, பெரிய பட்டாக வாங்கித் தருகிறேன், இதை மாற்றிக்கொள்ளலாமா என்று. பூசாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாத்துனது சாத்துனதுதான். காப்பு அவுக்குற வரைக்கும் ஆத்தா மேலருந்து ஒரு நூலு எறங்காது. மாத்திக் குடுக்குறதுக்கு இது என்ன ஒங்க சம்சாரம் கடையாண்ணே?" என்றார். உங்கப்பா மென்று முழுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதனால்தான் உனக்கு அத்தனை சாக்கு. கர்ப்பக்கிரகத்தைப் போட்டோ எடுக்கவும் கூடாதே, மனுஷன் எதைத்தான் அனுப்புவார்?

இன்னொரு கூத்தும் கேள். கடையில் எனக்குப் பதிலாக இருக்கிற செல்வி ஓடி வந்தாள். "அக்கா, ஆத்தா கட்டியிருக்குற மாதிரி பிட்டு இருக்கான்னு கேட்டுக் கேட்டு வாராக. இல்லைன்னா நம்ப மாட்டேங்குறாக. வேணும்னே ஒளிச்சு வச்சிருக்கீகன்னு சண்டைக்கு வாராக" என்றாள். ஒன்றே ஒன்றுதான் அச்சடித்தேன், இனி அடிக்கப் போவதில்லை என்று நீ நிவேதாவிடம் சொன்னாயாம். அந்த ஒன்றை நம் தாலுகாவே வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. உன் கம்பெனிக் கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் இவ்வளவு கூட்டம் ஒரு நாளாவது நின்றிருக்குமா?

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்த்த அன்று காலையில் பட்டை வாங்கிக்கொள்ள வரச் சொன்னார்கள். நம் கோயில் வழக்கம் உனக்கு மறந்திருக்கும். ஆத்தா மேலிருந்து இறக்கிய பட்டைக் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவர் தலையில் பரிவட்டமாகக் கட்டித்தான் அனுப்புவார்கள். உங்கப்பாவுக்குப் பரிவட்டம் என்றால் எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்று, யார் யார் தலைக்கோ கட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறவர். அன்று அவர் தலையைக் குனிந்து தயாராக நின்றுவிட்டார். பூசாரி பட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரு பேருக்குச் சாத்துனது?" என்று கேட்டார். உங்கப்பா என் பேரைச் சொன்னார். "அப்ப அவுக தலையிலதான் கட்டணும். நீங்க நிமுந்துக்கங்கண்ணே" என்றார் பூசாரி.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்னால் நின்ற ஊர்ப் பெரியவர் ஒருவர், "என்னப்பா இது, பொம்பளைக்குப் பரிவட்டமா? நம்ம ஊருல எப்ப வந்துச்சு இந்தப் பழக்கம்?" என்றார். பூசாரி பட்டை உதறிக்கொண்டே, "இத்தனை நாளு இதைக் கட்டியிருந்தவளே பொம்பளதானய்யா" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "ஆத்தா, முன்னால வாங்க" என்று கூப்பிட்டார் பூசாரி. அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

தம்பி, பரிவட்டம் கட்ட வேண்டும் என்றால் தலையில் சுற்றியிருக்கிற துண்டை எடுக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால். மிக்ஸி மேல் போய் உட்கார்ந்ததே அந்த விக், அதையாவது வைத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று நினைத்தேன் என்றால் நம்புவாயா? உங்கப்பா என் பக்கத்தில் வந்து, என் காதில், "வேண்டாம்னா வீட்டுக்குப் போயிருவோம். பட்டு கெடக்கட்டும்" என்றார். பரிவட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பட்டினி கிடந்த மனுஷன் சொல்கிறார் அதை. அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. துண்டை நானே எடுத்து அவர் தோளில் போட்டேன். வெயில் நேராகத் தலையில் விழுந்தது. யாரும் வேறெங்கும் பார்க்கவில்லை. பூனைமுடி மாதிரி முளைத்திருப்பதைக் காற்று தடவிக்கொண்டு போனது, சொன்னால் சிரிப்பாய், சுகமாகத்தான் இருந்தது.

பூசாரி வழக்கம்போலப் பட்டை நாடா மாதிரி மடிக்க ஆரம்பித்தார். என் தலையைப் பார்த்தார். மடித்ததைப் பிரித்தார். மூலைக்கு மூலை சேர்த்து முக்கோணமாக்கி, நெற்றியிலிருந்து தலை முழுக்க மூடும்படி போட்டு, பின்னால் முடிச்சுப் போட்டார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீ உன் கம்பெனியில் பொம்மைத் தலைக்குக் கட்டிக் காட்டினாயே, அச்சாக அதே மாதிரி. குங்குமம் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. கற்பூர வாசனை. நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னால் நின்ற செல்வி ஒரு சத்தம் போட்டாள்.

"அக்கா, ஒங்க கொண்டை!"

எந்தக் கொண்டை என்று கையைக் கொண்டுபோனேன், பட்டு முடிச்சுதான் தட்டுப்பட்டது. "கொண்டைக்கா, ஒங்க கொண்டை அப்புடியே இருக்கு, பென்சிலோட" என்று அழுகிறாள், சிரிக்கிறாள். போனில் படம் எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பின்னங்கழுத்தில் தொங்கிய மூலையில், என் கொண்டை எங்கே இருக்குமோ மிகச் சரியாக அங்கே, நீ வரைந்த என் கொண்டை. கணக்குப் போடுவதற்குக் காதில் செருகாமல் கொண்டையில் செருகி வைப்பேனே, அந்தக் கட்டைப் பென்சிலும் சேர்த்து. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு நாள் முழுக்க அம்மாவின் முகம் எங்கே தெரிந்தது? வாடிக்கையாளருக்குத்தான் முகம். உனக்குக் கொண்டை. அதைத்தான் நீ பார்த்து வளர்ந்திருக்கிறாய். அவ்வளவு கூட்டத்தில் நின்று நான் வாய்விட்டு அழுதேன். ஆத்தாளுக்கு எதிரே நின்று அழுவதற்கு வெட்கம் என்ன?

வீட்டுக்கு வந்து கட்டிலில் விரித்துப் பார்த்தோம். நாலு மூலையிலும் நாலு கொண்டை. ஒன்றில் கனகாம்பரம், ஒன்றில் மல்லிகை, ஒன்றில் செவ்வந்தி. ஒன்றில் மட்டும் பூ இல்லை, பென்சில்தான். எப்படி மடித்தாலும், எந்த மூலை வெளியே வந்தாலும், என் தலையில் என் கொண்டை இருக்கும்படி யோசித்து வரைந்திருக்கிறாய். மடிப்பதற்கென்றே வரைகிற படம் என்று நீ சொன்னது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்னவாம்? சொல்லியிருந்தால் நான் அதைக் கட்டியிருக்கவே மாட்டேன் என்றும் தெரியும். அதனால் விடு.

அம்மா என்ற முறையில் கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமே, சொல்கிறேன். நிவேதாவோடு பேசும்போது யாருக்கு, எதற்கு என்று விளங்கச் சொல். உன் கொஞ்சல் உனக்கு விளங்கும், கேட்கிறவருக்கும் விளங்கும் என்று நினைக்காதே. அப்படியே அவள் சொல்வதும் தப்பாக விளங்கிவிட்டால் கோபப்படுவதற்கு முன்னால் ஒரு நாள் பொறு, சிரிப்பாகவும் முடியலாம். அப்புறம் கடையில் நான் சொல்வது. சேலைக்கும் ரவிக்கைக்கும் ஒரே கலர் தேடி எல்லாரும் கடை கடையாக அலைவார்கள். ஒரே கலர் கிடைத்துக் கட்டினால் இரண்டும் மங்கிப்போகும். ஒரு சாயல் தள்ளி எடு என்பேன். அவளை உன் சாயலுக்கு இழுக்காதே. அவள் ஒரு சாயல் தள்ளியே இருக்கட்டும், உனக்கும் அதுதான் எடுப்பு. அவளிடம் நீ இன்னும் பார்க்காத மூலைகள் இருக்கும். எல்லாவற்றையும் முதல் வருஷமே விரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவசரப்படாதே.

பட்டில் குங்குமக் கறை இருக்கிறது. ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் இருக்கிறது. உன் கம்பெனியில் டேமேஜ் என்று தள்ளிவிடுவார்கள். துவைக்க வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். உங்கப்பா தினமும் அதைத் தொட்டுக் கும்பிடுகிறார். எந்த ஆத்தாளைக் கும்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செல்வி எடுத்த போட்டோவை உனக்கு அனுப்ப மாட்டேன். மண்டபத்தில் நேரிலேயே பார்.

கல்யாணத்தன்று எந்த மூலையை வெளியே விடுவது என்று இங்கே ஒரு வாரமாகப் பேச்சு. செல்வி கனகாம்பரம் என்கிறாள், உங்கப்பா மல்லிகை என்கிறார். நான் பூ இல்லாத மூலையைத்தான் வெளியே விடப் போகிறேன். சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடு. அன்றைக்குக் கையோடு நின்றுபோன பூவை இந்தத் தடவை தயங்காமல் கொண்டுவரட்டும். வைக்க இடம் இருக்கிறது.

உன்
அம்மா